தூக்கப் பேப்பர்

ஜூலை 6

அம்மாவுக்கு,

ஹாஸ்டலில் ஃபோன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வரிசையில் நின்று கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதிலேயே பாதி போய்விடுகிறது. மீதியில் நீயும் அப்பாவும் ரிசீவரைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள். அதனால் உருப்படியான விஷயங்களை இனிமேல் கடிதத்தில் எழுதுகிறேன்.

முதல் விஷயம் உருப்படாத விஷயம். ஆங்கிலத்தில் நாற்பதுக்குப் பதினொன்று.

அப்பாவிடம் பக்குவமாகச் சொல். நடந்தது இதுதான். இங்கே பதினொன்றாம் வகுப்பில் மூன்று ஆங்கிலப் பேப்பர்களில் ஒன்றை எடுக்க வேண்டும். ஒன்றில் கவிதை, இன்னொன்றில் நாடகம். மூன்றாவதில் இரண்டும் கிடையாது, பாடப்புத்தகமே கிடையாது. கட்டுரை வாசிக்க வேண்டும், கட்டுரை எழுத வேண்டும், அவ்வளவுதான். சீனியர்கள் அதற்கு வைத்த பெயர் தூக்கப் பேப்பர். மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லை என்றதும் கிட்டத்தட்ட மொத்த வகுப்பும் அதில் போய் விழுந்தது. நானும் விழுந்தேன்.

முதல் நாளே மிஸ் ஒரு செய்தித்தாள் கட்டுரையைக் கொடுத்தார். "இதுல என்ன சொல்லியிருக்குன்னு எனக்கு வேண்டாம். இது உங்களை என்ன பண்ணுது, எப்படிப் பண்ணுது, அதை எழுதுங்க" என்றார். நான் அதில் என்ன சொல்லியிருக்கிறது என்பதை அழகான கையெழுத்தில் சுருக்கி எழுதி, கடைசியில் என் கருத்தையும் காரசாரமாகச் சேர்த்துக் கொடுத்தேன். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மிஸ் சொன்னது: "நீ எழுத்துல கத்துற. எதிர்ல ஒருத்தர் உக்காந்திருக்கார்னே உனக்குத் தெரியல."

எழுத்தில் எப்படி அம்மா கத்துவது? யோசித்துப் பார்த்தேன், புரியவில்லை.

உன் மகள்


ஜூலை 15

வக்கீலம்மாவுக்கு,

நாற்பதுக்குப் பதினொன்று என்று வாசித்துக் காட்டியதும் அப்பா, "பரவாயில்ல, கண்ணாடி போட்டா சரியாயிடும்" என்றார். லென்ஸ் பொருத்துகிற மனுஷனுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து.

வாயைத் திறந்தாலே வாதாடி வக்கீலம்மா என்று பெயர் வாங்கியவள், எழுத்தில் எப்படிக் கத்துவது என்று கேட்கிறாய். தண்ணீர் ஆபீஸ் புகார் ஜன்னலுக்கு வந்து என் பக்கத்தில் ஒருநாள் உட்கார், காட்டுகிறேன். மனுவில் ஒரு வரியில் கேட்க வேண்டியதை நான்கு பக்கம் திட்டி எழுதிக்கொண்டு வருவார்கள். நான் ஒன்றும் எதிர்த்துச் சொல்வதில்லை. அவர்கள் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்காக அவர்களுக்குத் திருப்பிச் சொல்வேன். "மாடிக்குத் தண்ணி ஏறல, நாலு தடவை வந்தும் யாரும் பார்க்கல, அதானே?" "ஆமா, அதேதான்" என்பார்கள். பாதிச் சத்தம் அங்கேயே இறங்கிவிடும். தண்ணீர் ஏறுவது வேறு விஷயம்.

தூக்கப் பேப்பர் என்ற பெயரைப் பக்கத்து சீட்டில் சொன்னேன், ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. தூங்கி எழுந்தாலே பாஸ் ஆகிற பேப்பரில் நீ கோட்டை விட்டால் இங்கே என் மானம் கப்பலேறும். பார்த்துக்கொள்.

அம்மா


ஜனவரி 18

அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

முப்பத்து மூன்று. வகுப்பில் இரண்டாவது. தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

தூக்கப் பேப்பரில் இப்போது யாரும் தூங்குவதில்லை. அரையாண்டில் பாதி வகுப்பு பெயில். சிலர் கும்பிடு போட்டுவிட்டுக் கவிதைக்கு மாறிவிட்டார்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். தினமும் ஒரு தலையங்கத்தை எடுத்து, எந்த வார்த்தையை உருவினால் மொத்தமும் படுத்துவிடும் என்று தேடுவேன். அந்த வார்த்தையை ஏன் அங்கே வைத்தார்கள் என்று யோசிப்பேன். பெரிய பெரிய வார்த்தைகளை விட்டுவிட்டேன், அவற்றுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளத்தான் அவை உதவின. அப்புறம் உன் ஜன்னல் வித்தை. மிஸ்ஸும் அதையேதான் வேறு மாதிரி சொல்கிறார்: "எதிராளி பக்கத்தை அவரை விட நல்லா நீ சொல்லணும். அதுக்கப்புறம்தான் உனக்கு வாயைத் திறக்க உரிமை."

உதாரணத்துக்கு உலகத் தலைவர்களை இழுத்து வந்தால் மிஸ் கோடு போட்டு அடித்துவிடுகிறார். "உன் வீட்டுல இருந்து கொண்டு வா" என்கிறார். அதனால் அப்பா என் எல்லாக் கட்டுரைகளிலும் வந்துபோகிறார். உடைந்த பழைய கண்ணாடி ஃபிரேமை விட மனசில்லாமல் அதிலேயே புது லென்ஸ் கேட்டு அழுத கிழவரின் கதைக்குத்தான் போன தடவை மார்க் விழுந்தது. கமிஷன் வேண்டுமா என்று கேட்டுச் சொல்.

போன இரண்டு ஞாயிறும் அப்பா ஃபோனுக்கு வரவில்லை. கடையில் இருக்கிறார் என்றாய். ஞாயிறு கடை லீவு இல்லையா?

உன் மகள்


பிப்ரவரி 2

வக்கீலம்மாவுக்கு,

நீ வக்கீலுக்குப் படிக்கிறாயா, போலீசுக்கா? கடையில் சரக்கு எடுத்து அடுக்குகிற வேலை, அதனால் ஞாயிறும் போனார். இப்போது தொண்டை கட்டியிருக்கிறது. பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சைகையில் தண்ணீர் கேட்கிறார், நான் டீ கொடுக்கிறேன். இப்படித்தான் போகிறது குடும்பம்.

உன் முப்பத்து மூன்று தாளைக் கடையில் கண் பரிசோதனை அட்டைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டார். கண் காட்ட வருகிறவர்கள் எழுத்துகளை வாசிப்பதற்கு முன்னால் உன் மார்க்கை வாசிக்க வேண்டுமாம்.

நடுவில் ஒரு நடை வந்துவிட்டுப் போகிறேன் என்றெல்லாம் கிளம்பாதே. இங்கே ஒன்றும் இல்லை. பரீட்சையை முடித்துவிட்டு வா, லீவு முழுக்க அப்பாவோடு பேசிக்கொண்டிரு.

அம்மா


ஜூன் 20

அம்மாவுக்கு,

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, மாமா வீட்டிலிருந்து நேராக ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் பலமுறை ஃபோன் செய்ததாக வார்டன் சொன்னார். நான் வந்து பேசவில்லை. பேசினால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள்.

லீவில் ஏன் வீட்டில் இருக்கவில்லை என்று மாமாவிடம் கேட்டீர்களாம். அதற்குப் பதில் எழுதுகிறேன்.

மார்ச்சில் கடைசிப் பரீட்சையான ஆங்கிலம் முடிந்து வெளியே வந்தேன். மாமா ஹாஸ்டல் வாசலில் நின்றார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன், உன்னையும் கூட்டிட்டுப் போயிடலாம்னு" என்றார். பஸ்ஸில் "பேப்பர் எப்படிம்மா?" என்று கேட்டார். நான் ஆரம்பித்தேன். ஒவ்வொரு கேள்வியாகச் சொன்னேன். எதிராளி பக்கத்தை எப்படி எழுதினேன், எங்கே மடக்கினேன் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அப்பா கேட்டால் என்ன சொல்வார் என்றுகூட நடித்துக் காட்டினேன். மாமா தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நம் வீட்டு வாசலில் அவ்வளவு செருப்பு ஒருநாளும் கிடந்ததில்லை. உள்ளே போனால் அப்பாவின் உடலும் இல்லை. முந்தின நாளே எல்லாம் முடிந்திருந்தது.

அந்த விடைத்தாளின் மூன்றாம் பக்கத்தில், "என் அப்பா ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார்" என்று எழுதியிருக்கிறேன். நான் அதை எழுதிய நேரத்தில் உலகத்தில் எனக்கு மட்டும்தான் அப்பா இருந்தார்.

தூக்கப் பேப்பர் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தவர் நீங்கள். அந்தப் பேப்பருக்காகத்தான் அவர் முகத்தை எனக்குக் காட்டாமல் அனுப்பினீர்கள். பேப்பரை நான் அடுத்த வருடம் எழுதியிருப்பேன். அப்பாவை அடுத்த வருடம் பார்க்க முடியுமா?

மகள்


ஜூன் 29

வக்கீலம்மாவுக்கு,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். தண்ணீர் ஆபீசில் என்னைக் கிழிக்க வருகிறவர்கள்தான் அப்படி ஆரம்பிப்பார்கள்.

கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஒருநாளாவது, "அம்மா, நீ எப்படி இருந்த" என்று கேட்டாயா? நீ அப்பாவைத் தொலைத்தாய், சரி. நான் பக்கத்து வீட்டுக்காரரையா தொலைத்தேன்? ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். தட்டைத் தள்ளி வைத்தாய். அப்புறம் மாமா பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். இந்த வீட்டில் இரண்டு மாதமாக நான் யாரோடு பேசினேன் என்று நினைக்கிறாய்? குக்கரோடு.

கோபமாக எழுதிவிட்டேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தால், அதுவும் இப்படித்தான் வரும் போலிருக்கிறது.

உன் மிஸ் நேற்று ஃபோன் செய்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறாம். அந்தப் பேப்பரில் பள்ளிக்கூடத்துக்கே நீதான் முதலாம். நீ எனக்குச் சொல்லவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கண்ணாடிக் கடைக்கு நடந்தேன். உன் பழைய தாள் இன்னும் அங்கேதான் ஒட்டியிருக்கிறது. முதலாளியிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா


ஆகஸ்ட் 11

அம்மாவுக்கு,

இது வகுப்புக்காக எழுதுகிற கடிதம், சமாதானக் கடிதம் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் இந்தப் பேப்பருக்கு ஒரு பெரிய கட்டுரை உண்டு. யார் செய்தது தப்பு என்று நாம் உறுதியாக நம்புகிறோமோ, அவர் பக்கத்தை எழுத வேண்டும். அவரே வாசித்து, "நான் சொல்ல வந்ததும் இதுதான்" என்று ஒப்புக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். மற்றவர்கள் சீருடை, பஸ் கட்டணம் என்று எடுத்திருக்கிறார்கள். நான் உங்களை எடுத்துக்கொண்டேன். மிஸ், "நல்லா யோசிச்சுட்டியா?" என்று கேட்டார். யோசித்துவிட்டேன் என்றேன்.

உங்களுக்கு எப்போது தெரியும், யார் முடிவு செய்தது, ஒரு தடவையாவது எனக்குச் சொல்லலாம் என்று ஃபோனை எடுத்தீர்களா, இவற்றுக்குப் பதில் வேண்டும். நடந்ததை மட்டும் எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம், அது என் வேலை.

மகள்


ஆகஸ்ட் 24

வக்கீலம்மாவுக்கு,

டிசம்பர் கடைசியில் தெரியும். ஈரல். டாக்டர் என்னை மட்டும்தான் உள்ளே கூப்பிட்டார். அப்பா பின்னாலேயே கதவைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "எனக்கு வந்ததை எனக்குத் தெரியாம பேசாதீங்க" என்றார். ஆறு மாதம், ஜாக்கிரதையாக இருந்தால் ஒரு வருடம் என்றார் டாக்டர். அந்த ஆறு மாதத்தை நாங்கள் பிடித்துக்கொண்டோம். உனக்கு மார்ச்சில் பரீட்சை, அப்புறம் நீண்ட லீவு. அவர் மனசுக்குள் அதை அப்படியே திட்டம் போட்டுவிட்டார்.

"இப்ப சொன்னா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வந்து என் கட்டில்கிட்ட உக்காந்துக்குவா. இப்பதான் ஏறிட்டு இருக்கா, ஏறட்டும். லீவுல நானே அவகிட்ட சொல்லிக்கிறேன்" என்றார். நான் சரி என்றேன். பழியை அவர் மேல் போட இதை எழுதவில்லை. அவர் கேட்டார், நான் ஒத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடு பேசி முடித்ததும் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன்.

மார்ச்சில் அந்த வெள்ளிக்கிழமை ரத்த வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மறுநாள் காலை வரை நினைவு இருந்தது. மத்தியானம் போய்விட்டார். உன் பேப்பர் திங்கள்.

ஃபோனை எடுத்தேனா என்று கேட்டாய். எடுத்தேன். வெள்ளி சாயங்காலம், ஆஸ்பத்திரி வராந்தாவில், குடிதண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. வார்டன் எடுத்தார். "படிச்சுட்டு இருக்கா. கூப்பிடவா?" என்றார். "வேண்டாம். சாப்பிட்டாளான்னு கேக்கத்தான்" என்றேன். "சாப்பிட்டா" என்றார். வைத்துவிட்டேன்.

அப்போது சொல்லியிருந்தால் நீ ராத்திரி பஸ் பிடித்து, அவருக்கு நினைவு இருக்கும்போதே வந்திருப்பாய். இது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

சனிக்கிழமை மாமா, "இப்பவாவது சொல்லிடலாம்" என்றார். "இனிமே வந்து அவ என்னத்தைப் பார்க்கப் போறா? அவர் சொன்ன சொல்லையாவது காப்பாத்துவோம்" என்றேன். சொன்னது நான்தான், மாமா இல்லை. பஸ்ஸில் மறைத்தார் என்று, அவர் வீட்டிலேயே இருந்துகொண்டு அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாமே நீ. அவரிடம் பேசு.

கேட்டதற்கெல்லாம் எழுதிவிட்டேன்.

அம்மா


செப்டம்பர் 19

அம்மா,

கட்டுரையை நேற்று வகுப்பில் வாசித்தேன். நீ வாசிப்பதற்காகத் தமிழில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எழுத மூன்று வாரம் ஆனது. உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்வேன், நான்கு வரி எழுதுவதற்குள் கோபம் வந்து கத்த ஆரம்பித்துவிடுவேன், அடித்துவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்தான் உன் பக்கத்துக்குள் நுழைய வழி கிடைத்தது.

கெட்ட செய்தியைச் சொல்வதுதான் சொல்பவருக்குச் சுலபம், சொன்னால் பாரம் பாதியாகிவிடும், என் அம்மா அந்தப் பாதியை எனக்குத் தராமல் முழுவதையும் தானே சுமந்தாள் என்று எழுதியிருக்கிறேன். கணவன் போன அன்று, பிடித்துக்கொண்டு அழுவதற்கு, தான் பெற்ற மகள்கூடப் பக்கத்தில் வேண்டாம் என்று ஒரு பெண் முடிவு செய்கிறாள் என்றால், அவள் அன்று விட்டுக்கொடுத்தது என்ன என்று கேட்டிருக்கிறேன். எதுவும் பொய் இல்லை. எழுதும்போது ஒவ்வொன்றையும் நம்பித்தான் எழுதினேன்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம். வாசிப்பதற்கு முன்னால் விஷயத்தை மட்டும் சொல்லி, "செஞ்சது சரின்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்பார் மிஸ். வாசித்து முடித்ததும் மறுபடியும் கேட்பார். எழுதியவரும் ஓட்டுப் போட வேண்டும். முதலில் இரண்டே கைகள். வாசித்து முடித்ததும் எல்லாக் கைகளும் எழுந்தன. பின்பெஞ்சில் கொட்டாவி என்று ஒருவன் இருக்கிறான், இரண்டு வருடத்தில் ஒரு கட்டுரைக்கும் அவன் கண் திறந்ததில்லை. அவனும் தூக்கினான். மிஸ் நாற்பதுக்கு நாற்பது போட்டார். இந்தப் பேப்பரில் இதுவரை யாருக்கும் போட்டதில்லையாம்.

எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கை மேஜை மேலேயே இருந்தது. தூக்கப் பார்த்தேன் அம்மா. எழவில்லை.

அக்டோபரில் பத்து நாள் லீவு. மாமா வீட்டுக்கா, வீட்டுக்கா என்று வார்டன் கேட்கிறார். மாமாவோடு பேசிவிட்டேன், அது சரியாகிவிட்டது. உனக்குத்தான் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. உனக்காக ஊரையே கை தூக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் தூக்காதவள், எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வருவது?

உன் மகள்


செப்டம்பர் 27

வக்கீலம்மாவுக்கு,

தமிழில் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. ஆங்கிலத்தில் வந்திருந்தால் மாமாவிடம்தான் கொடுத்திருப்பேன், அவர் பாதியைச் சொந்தமாகச் சேர்த்து வாசித்திருப்பார்.

திரும்பத் திரும்ப வாசித்தேன். ஊரார் புகாரையெல்லாம் எழுதி எழுதிக் கை தேய்ந்தவள் நான், எனக்காக ஒருத்தர் இப்படி எழுதியதில்லை. நான் செய்ததற்கு இத்தனை நல்ல காரணங்கள் இருந்தன என்று எனக்கே தெரியாது. முடிக்கும்போது அந்த அம்மாள் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. என்ன குறை என்றால், அவள் நான் இல்லை.

வார்டன் "கூப்பிடவா?" என்று கேட்டபோது, நீ மாடிப்படியில் தடதடவென்று ஓடி வந்து "என்னம்மா" என்று கேட்பது என் காதில் விழுந்தது. அந்தக் குரலிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான். அப்பா கேட்டுக்கொண்டார், உன் பரீட்சை இருக்கிறது என்பதையெல்லாம் ரிசீவரை வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். ஆனாலும் அடுக்கியது பிறகுதான். அவருக்கு வந்ததை அவருக்குத் தெரியாமல் பேசக் கூடாது என்று டாக்டரிடம் சண்டை போட்ட மனுஷன், உனக்கு வந்ததை உனக்குத் தெரியாமல் வைத்தார். நானாவது உடைத்திருக்க வேண்டும்.

நாற்பதுக்கு நாற்பது உனக்குத் தகும். மிஸ்ஸிடம் சொல். அதோடு இதையும் சொல்: அந்த வகுப்பில் உன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் என் கையும் மேஜை மேலேயேதான் இருந்திருக்கும்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று கேட்காதே. இருக்கிற முகத்தோடு வா. வந்து என்னை என்ன கேட்க வேண்டுமோ கேள், கத்த வேண்டுமானால் கத்து. இந்த விஷயத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே கட்சி. என் பக்கம் நின்று உன்னோடு பேசியிருக்கக் கூடியவர் உன் அப்பா ஒருவர்தான் இருந்தார்.

அம்மா